எங்க பேட்ச் கட்டாத வளைவு

நீங்க ஜன்னல் பக்கம் உக்காந்துக்குங்க சார். எனக்குக் காத்து ஆகாது, காது அடைச்சுக்கும். அரியலூர் வரைக்கும் போறேன். நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு, பேசிட்டே போயிடலாம்.

தப்பா நெனைக்காதீங்க, நீங்க போன்ல படிச்சிட்டிருந்தது என் கண்ணுல பட்டுடுச்சு. 'அன்பார்ந்த முன்னாள் மாணவரே'ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. அந்த மாதிரி லெட்டரை நானே கைப்பட எழுதி அனுப்புனவன், அதான் தூரத்துல இருந்தே தெரிஞ்சுடுது. உங்க காலேஜ் கேக்குதா? கொடுங்கன்னும் சொல்ல மாட்டேன், கொடுக்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன். எங்க கதையைச் சொல்றேன், லால்குடி தாண்டுறதுக்குள்ள முடிஞ்சுடும்.

என் பேரு அறவாழி. எம்.எஸ்ஸி. ஜியாலஜி, எண்பத்தி நாலு டு எண்பத்தாறு. எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்காதீங்க, பேரு வேணாம். படிச்சு முடிச்சதும் சிமெண்ட் கம்பெனி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், மைன்ஸ் மேனேஜரா ரிட்டயர் ஆனேன். கோல்டு மெடலிஸ்ட். அதைச் சொல்லிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்டா சொல்லுவேன்.

எங்க பேட்ச்ல பதினாலு பேரு. பதினோரு பசங்க, மூணு பொண்ணுங்க. ரிட்டயர் ஆனதும் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சோம், நான்தான் செகரெட்டரி. யாரும் தேர்ந்தெடுக்கலை. யாராவது செய்யணும் இல்லையா? நாப்பது வருஷம் ஆகப்போகுது, துறைக்கு ஏதாவது செய்யணும்னு நான்தான் ஆரம்பிச்சேன். அப்பதான் சார் பாத்தேன், ஒவ்வொருத்தனும் எதுக்குக் கொடுக்குறான்னு.

கோதண்டபாணின்னு ஒருத்தன், மஸ்கட்ல எண்ணெய்க் கம்பெனில இருந்தவன். அவன் சம்சாரம் எங்க யுனிவர்சிட்டிலதான் பாட்டனி படிச்சாங்க. லைப்ரரிலதான் பழக்கம். 'நான் கொடுத்தேன்னு அவளுக்குத் தெரியணும், அதுபோதும்'னான். இன்னொருத்தன், 'ஜுவாலஜிக்காரனுங்க ஜெனரேட்டர் கொடுத்துட்டானுங்கடா, நாம சும்மா இருக்கலாமா'ன்னான். இன்னொருத்தன் ரெண்டு வருஷமும் மத்தவன் டோக்கன்ல மெஸ்ல சாப்பிட்டவன். அவன் காரணமே சொல்லலை. கேக்குறதுக்கு முன்னாடியே சரின்னுட்டான். எனக்கு? எனக்கு நன்றி சார். என்னை மனுஷனாக்குனது அந்தத் துறை. எனக்குக் கிடைச்சது நாலு பேருக்குக் கிடைக்கணும்.

அதனால ஒரு வளைவு கட்டலாம்னு முடிவு பண்ணோம். துறை வாசல்ல, கிருஷ்ணகிரி கருப்பு கிரானைட்ல. டிசைன் நானே போட்டேன். ரெண்டு தூண்லயும் எங்க பேருங்க, அகர வரிசைப்படி. என் பேரு முதல்ல வந்தது அகர வரிசையாலதான், வேற ஒண்ணும் இல்லை. பேருக்குப் பக்கத்துல சின்னதா 'தங்கப் பதக்கம்'னு போடலாம்னு கோதண்டபாணி சொன்னான். நான் வேணாம்னேன். ரெண்டு தடவை வேணாம்னேன். அவன் வற்புறுத்துனான், விட்டுட்டேன்.

டிசைனைக் குரூப்ல போட்டதும் எல்லாரும் கைகூப்புற படம் அனுப்பிட்டானுங்க. பிலோமினா மட்டும் அனுப்பலை. போன் பண்ணுச்சு.

பிலோமினா எங்க பேட்ச் பொண்ணு. நிலத்தடி நீர் சம்பந்தமான ஆபீஸ்ல பெரிய பதவியில இருந்து ரிட்டயர் ஆனது. படிக்கிறப்போ அது என்னை 'நீங்க'ன்னுதான் கூப்பிடும், நானும் 'நீங்க'ம்பேன். ரெண்டு வருஷத்துல மொத்தமா ஒரு இருபது வாக்கியம் பேசியிருந்தா அதிகம். வாட்ஸப் வந்ததும் 'நீ'யாயிடுச்சு.

"அறவாழி, லிஸ்ட்ல பதிமூணு பேருதான் இருக்கு. குணவதி பேரு எங்க?"ன்னு கேட்டுச்சு.

"குணவதி முடிக்கலையே பிலோ. கடைசி செமஸ்டர் எழுதாமலே கல்யாணம் பண்ணிட்டுப் போனவங்க பேரை எப்படிக் கல்லுல போடுறது?"

"கல்யாணம் பண்ணிட்டுப் போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியுமே."

"சரி. எனக்கு வளைவு வேணாம். துறையில பொம்பளைப் புள்ளைங்களுக்கு டாய்லெட் கட்டுவோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கிறீங்க? ஒரு மாசம் உக்காந்து வரைஞ்சிருக்கேன். கிரானைட்காரன்கிட்ட மாதிரித் துண்டு கூட வாங்கிட்டேன். "டாய்லெட்டுல போயி நம்ம பேட்ச் பேரைப் போடுறதா?"ன்னேன். "அதெல்லாம் சர்க்கார் செய்யவேண்டிய வேலை. முன்னாள் மாணவர்னா ஒரு கௌரவமா செய்ய வேணாமா?"ன்னேன். பிலோ சண்டை போடலை. "வளைவுக்கு அளவெடுக்க எப்படியும் நீ துறைக்குப் போவ இல்ல, என்னிக்குன்னு சொல்லு, நானும் வர்றேன்"னுச்சு.

போனோம். நான் டேப்பை எடுத்துட்டு வாசல்ல அளந்துட்டிருக்கேன். பிலோ தொப்பி, ஷூ எல்லாம் போட்டுட்டு வந்து நிக்குது, ஃபீல்டு டிரிப் போற மாதிரி. "அளந்தது போதும், என்கூட நட"ன்னுச்சு.

மேல மாடியில மினராலஜி லேப். நாங்க மைக்ராஸ்கோப் பாத்த அதே ரூம். அதோட கதவுல நின்னு போன்ல டைம் வெச்சுச்சு. அப்புறம் நடக்க ஆரம்பிச்சோம். படி இறங்கி, கெமிஸ்ட்ரி தாண்டி, கேண்டீன் தாண்டி, தண்ணி டேங்க் தாண்டி, முந்திரித் தோப்பு ஓரமா ஒரு ஒத்தையடிப் பாதை. நல்ல வெயில். எங்க கூட்டிட்டுப் போவுதுன்னு எனக்குப் புரியலை. லேடீஸ் ஹாஸ்டல் கேட் வந்ததும் நின்னுச்சு. போனைப் பாத்துச்சு.

"பதினாறு நிமிஷம். இப்ப எனக்கு முட்டி வலி. அப்ப பதிமூணுல வந்துடுவோம். போக பதிமூணு, வர பதிமூணு. பிராக்டிகல்ஸ் நடுவுல பிரேக் எவ்வளவு?"

"பத்து நிமிஷம்."

"ம்."

எனக்கு அப்பதான் சார் விஷயமே உறைக்குது. எங்க துறையில பொம்பளைங்களுக்குன்னு ஒரு டாய்லெட் கிடையாது. எங்களுக்குக் கீழ இருந்துச்சு, பிரச்சினையே இல்லை. பசங்க ஃபீல்டு போனா மரத்தடி, மறைவு, எது வேணாலும். அதுங்க மூணும் என்ன செஞ்சுதுன்னு அந்த ரெண்டு வருஷமும் எனக்குத் தோணவே இல்லை. பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்தவங்க. அன்னைக்கும் சட்டுன்னு என் வாயில வந்தது என்ன தெரியுமா? "ஒரு சைக்கிள் வெச்சிருக்கலாமே"ன்னேன்.

பிலோ என்னைப் பாத்துச்சு. "உனக்கு எப்பவுமே நல்ல ஐடியா வரும்"னுச்சு. பாராட்டுனதாத்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

அங்க ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்துச்சு, உக்காந்தோம். அப்ப சொல்லுச்சு. மூணு பேரும் காலையில ஹாஸ்டல்ல அரை டம்ளர் தண்ணி குடிப்பாங்களாம். அப்புறம் சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான். ஏப்ரல், மே வெயில்லயும் அப்படித்தான். ஃபீல்டு டிரிப்னா முந்தின நாள் ராத்திரியிலேருந்தே குடிக்க மாட்டாங்களாம். பிலோவும் மூணாவது பொண்ணு மெகருன்னிசாவும் எப்படியோ தாக்குப் பிடிச்சுட்டாங்க. குணவதிக்கு உடம்பு கேக்கலை. முதல் வருஷக் கடைசியில குளிர் ஜுரம், இடுப்பு வலி, கிட்னில சீழ். பெரியாஸ்பத்திரில பத்து நாள். டாக்டர் சொல்லிட்டாராம், 'தண்ணி நிறையக் குடிக்கணும், அடக்கவே கூடாது'ன்னு. அதனால ரெண்டாவது வருஷம் பூரா அந்தப் புள்ள பிரேக்குல எந்திரிச்சு ஹாஸ்டலுக்கு நடந்துச்சு. பதிமூணு நிமிஷம் போயி, பதிமூணு நிமிஷம் வரும்.

"திரும்பி வர்றப்போ அட்டெண்டன்ஸ் எடுத்து முடிஞ்சிருக்கும். பிரேக்குக்கு அப்புறம் ரெண்டாவது தடவை எடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா?"ன்னுச்சு பிலோ.

"இருக்கு."

"யாரு எடுத்தா?"

நான்தான் சார் எடுத்தேன். கிளாஸ் ரெப் நான். புரொபசர் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பசங்க பிரேக்குல போயி டீக்கடையில உக்காந்துடுறானுங்கன்னு அவர் கொண்டுவந்த ரூல் அது. இருந்தா இருக்குன்னு போடுவேன், இல்லேன்னா இல்லேன்னு போடுவேன். குணவதிக்கு மட்டும் தனியா ரூல் போட முடியுமா? நீங்களா இருந்தாலும் அதானே செஞ்சிருப்பீங்க? கேக்குறேன், சொல்லுங்க.

பரவாயில்லை, விடுங்க.

அட்டெண்டன்ஸ் குறைஞ்சுபோச்சு. கடைசி செமஸ்டர் எழுத விடலை. அந்தப் புள்ளையோட அப்பா பெரம்பலூர்லேருந்து வந்து வராந்தாவுல ஒரு நாள் முழுக்க நின்னாராம். என்ன காரணம்னு கேட்டதுக்கு, 'உடம்பு சரியில்லை'ன்னு மட்டும்தான் சொல்லியிருக்கார். என்ன உடம்புன்னு அவரும் சொல்லலை, கேட்டவங்களும் மேற்கொண்டு கேக்கலை. கூட்டிட்டுப் போயிட்டார். கல்யாணம் அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சுத்தான் நடந்துச்சாம்.

அதுவரைக்கும் மூணு செமஸ்டர்லயும் குணவதிதான் ஃபர்ஸ்ட். மூணாவது செமஸ்டர் முடியறப்போ என்னைவிட மொத்தத்துல இருபத்தேழு மார்க் முன்னாடி. இந்தக் கணக்கை பிலோ சொல்லலை, எனக்கே ஞாபகம் இருக்கு. எதுக்கு ஞாபகம் இருக்குன்னு தெரியலை. சில நம்பருங்க அப்படித்தான், மனசுல ஒட்டிக்கிடும்.

நான் சொன்னேன், "சரி பிலோ, அது அந்தக் காலம். இப்பல்லாம் கட்டியிருப்பாங்க"ன்னு.

"வா, பாப்போம்"னுச்சு.

கட்டித்தான் இருந்தாங்க. பின்பக்கம் புதுசா இழுத்த கட்டடத்துல, 'பெண்கள்'னு போர்டே இருக்கு. பூட்டு தொங்குது. சாவி ஆபீஸ் சூப்பரின்டெண்டண்ட்கிட்ட இருக்காம். துறைத்தலைவர் சாவியை வாங்கிட்டு வந்து தெறந்தார். உள்ள பூரா மரப்பெட்டி. கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு. கல்லு சாம்பிள் சார், நாங்க ஃபீல்டுல பொறுக்குனது. 'ம்யூசியம் ரூம் ஒழுகுது, வெக்க வேற எடம் இல்லை'ன்னார் துறைத்தலைவர். நல்ல மனுஷன்தான். இப்ப அந்தத் துறையில நாப்பது பேரு படிக்கிறாங்க, அதுல இருபத்தாறு பொண்ணுங்க. எல்லாரும் கெமிஸ்ட்ரியில பின்னால கட்டுன டாய்லெட்டுக்கு நடக்குறாங்க, அங்க வரிசையில நிக்குறாங்க.

ஒரு பெட்டி முன்னாடி இருந்துச்சு. லேபிள்ல தேதி எண்பத்தஞ்சு. கையெழுத்தைப் பாத்தா, என் கையெழுத்து. 'கார்னட் நைஸ், சேகரித்தவர்: அறவாழி'. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாப்பது வருஷமா பத்திரமா வெச்சிருக்காங்களே. "பிலோ, இங்க பாரு, என்னோடது"ன்னு லேபிளை எடுத்துக் காட்டுனேன்.

பிலோ பாத்துச்சு. பெட்டியைப் பாத்துச்சு, அதுக்குப் பின்னாடி இருந்த டாய்லெட் பீங்கானைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு லேபிளைக் கீழ வெக்கவும் தோணலை, கையில வெச்சிருக்கவும் தோணலை.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டம்மாகிட்ட நியாயம் கேட்டேன். "நீயே சொல்லு, வளைவா டாய்லெட்டா?"ன்னேன். அவ முருங்கைக்கீரை உருவிட்டிருந்தா. தலையை நிமுத்தலை. "உங்க மைன்ஸ் ஆபீஸுல ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் என்னைக் கூட்டிட்டுப் போவீங்களே, காலையில எட்டு மணியிலேருந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும். ஒரு தடவையாவது எனக்கு பாத்ரூம் போகணுமான்னு கேட்டிருக்கீங்களா?"ன்னா. இருபத்திரெண்டு வருஷம் கூட்டிட்டுப் போயிருக்கேன் சார். அவ சந்தோஷமாத்தான் வர்றான்னு நெனச்சிட்டிருந்தேன்.

அன்னைக்கே குரூப்ல எழுதினேன். வளைவு இல்லை, டாய்லெட்டுன்னு. உடனே கோதண்டபாணி, 'அதுக்கு முன்னாடி எவன்டா நின்னு போட்டோ எடுப்பான்'னு போட்டான். இன்னொருத்தன், 'ஜுவாலஜிக்காரனுங்க சிரிப்பானுங்க'ன்னான். நாலு நாள் ஒரே களேபரம். அப்பதான் மெகருன்னிசா, அதுவரைக்கும் குரூப்ல ஒரு குட்மார்னிங் கூடப் போடாதது, ஒரே ஒரு வரி போட்டுச்சு. 'எனக்கு இன்னைக்கும் வெளிய கெளம்புறதுன்னா தண்ணி குடிக்கப் பயம்.' அவ்வளவுதான். மறுநாள் கோதண்டபாணி எனக்குத் தனியா போன் பண்ணினான். "என் சம்சாரம்கிட்ட கேட்டேன்டா. பாட்டனியிலயும் அதே கதைதானாம். கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இப்பதான் சொல்றா"ன்னான்.

அப்புறம் வேலை மளமளன்னு நடந்துச்சு. இருந்ததைச் சரிபண்ணி, கூட மூணு சேத்துக் கட்டினோம். தனி டேங்க், தனி மோட்டார். கல்லுப் பெட்டிக்கெல்லாம் வராந்தாவுல கண்ணாடி அலமாரி. கல்லெல்லாம் இப்பதான் நாலு பேரு கண்ணுல படுது. கூட்டித் துடைக்க ஒரு அம்மாவைப் பல்கலைக்கழகமே போடணும்னு பிலோ எழுதி வாங்கிடுச்சு. வெளிப்பக்கம் தாழ்ப்பாளே வெக்கக் கூடாதுன்னு ஆசாரிகிட்ட சொல்லிடுச்சு. தாழ்ப்பாள் இருந்தா ஒரு நாள் பூட்டு வருமாம். பேரு போடக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு. இதுல எனக்கு வருத்தம்தான், மறைக்கலை. ஒரு ஓரமா, சின்னதா, பேட்ச் எண்பத்தாறுன்னு போட்டா என்ன கொறைஞ்சுபோவுது? நான் சும்மாதான் கேட்டேன். ஒரு அஞ்சாறு தடவை கேட்டிருப்பேன்.

யோசிச்சுப் பாருங்க. நான் எனக்குக் கிடைச்சதை நெனச்சுக் கொடுக்க வந்தவன். பிலோ அதுக்குக் கிடைக்காததை நெனச்சுக் கொடுக்க வந்துச்சு. ரெண்டும் ஒரே துறைதான், ஒரே ரெண்டு வருஷம்தான். 

திறப்பு விழா போன ஆவணியில. துணைவேந்தரே வந்துட்டார். வேற ஏதோ விழான்னு நெனச்சு வந்தாரான்னு எனக்குச் சந்தேகம். ரிப்பன் வெட்ட யாருன்னு பாத்தா, பிலோ ஒரு அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருது. ஒல்லியா, கண்ணாடி போட்டு, கைத்தறிப் புடவை. குணவதி. அதுக்கப்புறம் பி.எட். முடிச்சு, கவர்மெண்ட் ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா ரிட்டயர் ஆயிருக்காங்க. நாப்பது வருஷம் கழிச்சுப் பாக்குறேன். எனக்கு அடையாளமே தெரியலை. அவங்க என்னைப் பாத்ததும் "அறவாழிதானே? நல்லாருக்கீங்களா?"ன்னாங்க.

ரிப்பனை வெட்டினாங்க. எல்லாரும் கை தட்டினோம். துணைவேந்தர் சால்வையை விரிச்சுட்டு நிக்குறார், போட்டோகிராபர் ரெடி. குணவதி கத்தரிக்கோலை பிலோகிட்ட கொடுத்துட்டு, நேரா உள்ள போனாங்க. ஒரு கதவைத் தெறந்தாங்க, உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க.

துணைவேந்தர் என்னைப் பாக்குறார். நான் பதிவாளரைப் பாக்குறேன். பதிவாளர் டேங்கைப் பாக்குறார். யாருக்கும் எங்க பாக்குறதுன்னே தெரியலை. சால்வை விரிச்சபடியே இருக்கு. பின்னாடி நின்ன பொண்ணுங்க ஒருத்தி தோள்ல ஒருத்தி முகத்தைப் புதைச்சுக்கிட்டு சிரிப்பை அடக்குதுங்க. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். அவசரமே படலை அவங்க. அப்புறம் தண்ணி சத்தம் கேட்டுச்சு. குழாய் சத்தம். முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே வெளிய வந்தாங்க.

"தண்ணி நல்லா வருது"ன்னாங்க.

அதுக்கு அந்தப் பொண்ணுங்க தட்டின தட்டு இருக்கே, எனக்கு கான்வகேஷன்ல கூட அப்படித் தட்டலை.

மத்தியானம் சாப்பாட்டுல தேடிப் போயி அவங்க பக்கத்துல உக்காந்தேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்துச்சு. என்ன வார்த்தைன்னு தயார் பண்ணி வெச்சிருந்தேன், சாம்பார் வந்ததும் மறந்துபோச்சு. பேரப்புள்ளைங்க எத்தனைன்னு கேட்டேன். மூணாம். உடம்பு எப்படின்னு கேட்டேன். ஒரு கிட்னி எடுத்தாச்சாம், தொண்ணூத்தெட்டுல. பீன்ஸ் பொரியலைத் தள்ளி வெச்சுக்கிட்டே சொன்னாங்க, ஊர்ல மழை இல்லைன்னு சொல்ற மாதிரி.

கடைசியில கேட்டுட்டேன்.

"அப்பவே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான்தானே ரெப். சொல்லியிருந்தா ரெண்டாவது அட்டெண்டன்ஸை நான் பாத்துக்கிட்டிருப்பேனே."

அவங்க கோபப்படலை சார். ஸ்கூல்ல ஒரு பையன் தப்பா கேள்வி கேட்டா டீச்சர் யோசிப்பாங்களே, அப்படி யோசிச்சாங்க.

"சொல்லணும்னு ரெண்டு தடவை உங்க டேபிள் வரைக்கும் வந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. நீங்களே சொல்லுங்க, என்ன வார்த்தையில சொல்லியிருக்கணும்?"

நான் இலையை மூடினேன்.

அன்னைலேருந்து யோசிக்கிறேன் சார். நடக்கிறப்போ, குளிக்கிறப்போ, இப்படி பஸ்ஸுல வர்றப்போ. அது எண்பத்தஞ்சு. பதினோரு பசங்க இருக்கோம். நான் மேசையில ரெஜிஸ்டரை வெச்சுக்கிட்டு பேனாவோட உக்காந்திருக்கேன். இருபத்தோரு வயசுப் பொண்ணு ஒருத்தி வந்து முன்னாடி நிக்குது. என்னை 'நீங்க'ன்னு கூப்பிடுற பொண்ணு. அது என்ன சொல்லி ஆரம்பிக்கும்? நானே அந்தப் பொண்ணா நின்னு பாத்துட்டேன். 'ஒரு நிமிஷம்'னு ஆரம்பிச்சா நான் 'சீக்கிரம் சொல்லுங்க'ன்னுதான் சொல்லியிருப்பேன். 'உடம்பு சரியில்லை'ன்னா 'லீவு லெட்டர் கொடுங்க'ன்னிருப்பேன். அதுக்கு மேல ஒரு வாக்கியம் இருக்கணும். எனக்கு வரமாட்டேங்குது.

நீங்க படிச்சவரு. உங்களுக்கு ஏதாவது தோணுதா? இல்லை, அவசரம் ஒண்ணும் இல்லை. யோசிங்க. அரியலூர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.